தீராப் பிணியுற்ற நாயைப் பேணுதல்

நட்பின் திறம் கூறவந்த நாலடியார்ப் புலவர் ஒருவர், யானையையும் நாயையும் அருகருகே நிறுத்திக் காட்டுகிறார். யானை பல காலம் பழகிய பாகனையே கொன்றுவிடும்; நாயோ, வளர்த்தவன் எறிந்த வேல் தன் உடம்பிலே தைத்து நிற்கும்போதும் அவனைக் கண்டு வாலாட்டும் என்பது அவர் கூறும் செய்தி. நாயின் நன்றியைப் புகழ்வதற்காகவே புலவர் இதனைக் கூறினார். ஆயினும் இன்றைய மிருக வைத்தியர் இச்செய்தியைக் கேட்பின், இதில் வேறோர் உண்மையையும் காண்பார். உடம்பிலே வேல் இருக்க வாலாட்டும் பிராணி, தன் நோவை வெளியிற் காட்டாத பிராணி. ஆகவே வாலாட்டுகிறது என்பதனால் நாய்க்கு நோவில்லை என்று முடிவு செய்தல் தவறு.

வளர்ப்பு நாய்க்குப் புற்றுநோய் உண்டாகி, அது தீராது என்று வைத்தியர் கூறிவிட்ட வீட்டில், இவ்வுண்மை மிகவும் வேண்டப்படுகிறது. மனித நோயாளி நோகும் இடத்தைச் சொல்லுவான். மருந்து வேண்டும் என்பான். போதும் என்றும் சொல்லுவான். நாய் இவற்றில் ஒன்றையும் சொல்லாது. அதற்காகப் பார்ப்பதும், அதற்காகப் பேசுவதும், ஈற்றில் அதற்காக முடிவு செய்வதும் வளர்த்தவர் கடனாகின்றன. அக்கடனைச் செவ்வையாக ஆற்றுதற்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

நோயுற்ற நாயைப் பேணும் வழக்கம் நேற்று இன்று தோன்றியதன்று. 1914 ஆம் ஆண்டிலே ஜெர்மனி நாட்டின் பொன் நகருக்கு அருகிலுள்ள ஒபர்காசல் என்னும் இடத்தில், கல்லுடைக்கும் தொழிலாளர் பழைய புதைகுழி ஒன்றைக் கண்டனர். ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நாயுடன் புதைக்கப்பட்டிருந்தனர். அந்நாயின் பற்களை ஆராய்ந்தோர் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. அஃது ஏறத்தாழ ஏழு மாதக் குட்டி. இறப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே கடுமையான வைரசு நோயொன்றால் மீண்டும் மீண்டும் வருந்தியது. யாரேனும் நீரூட்டி, உணவூட்டி, உடலைத் தூய்மை செய்து பேணாதிருந்தால் அஃது அத்தனை நாள் உயிர் தாங்கியிராது. வேட்டைக்கோ காவலுக்கோ உதவாத நோயாளிக் குட்டியை அம்மக்கள் ஏன் பேணினர்? பயன் கருதியன்று என்பதே ஆராய்ச்சியாளர் கொண்ட முடிவு.

இனி, நோயைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். உடம்பின் உயிரணுக்கள் ஓர் ஒழுங்குக்கு அடங்கிப் பெருகுவன. அவ்வொழுங்கு கெட்டு, ஒருசில அணுக்கள் கட்டின்றிப் பெருகி, அயலிடங்களை அரித்து, குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் பிற உறுப்புகளுக்குப் பரவுவதே புற்றுநோய். மனிதனைப் போலவே நாய்க்கும் வயது முதிர முதிர இது மிகுதியாக வருகிறது. கழுத்திலும் முழங்காலின் பின்புறத்திலும் நெறிகட்டியதுபோல வீங்கும் நிணநீர்ப் புற்று. பெருஞ்சாதி நாய்களின் கால்களைப் பற்றும் என்புப் புற்று. மண்ணீரலில் மறைந்து வளர்ந்து ஒருநாள் திடீரென வெடித்து உள்ளே குருதி பெருகச் செய்யும் குருதிக்கலன் புற்று. பெண்நாயின் முலைகளில் தோன்றும் கட்டி. வாயினுள்ளே கருநிறமாய் வளரும் புற்று. தோலில் தோன்றும் பலவகைக் கட்டிகள் ஆகியன நாய்களிற் காணப்படும் முக்கிய வகைகள். ஆறாத புண், நாளுக்குநாள் பெருக்கும் கட்டி, காரணமின்றி மெலிதல், நீங்காத நொண்டல், வாயிலிருந்து துர்நாற்றம், மூக்கிலிருந்து குருதி என்பவற்றுள் ஒன்று தோன்றினாலும் வைத்தியரிடம் காட்டுதல் முறை.

கட்டி என்றவுடன் மரணம் என்று அஞ்சிவிடுதலும் கூடாது. முதற்கடமை, நோய் இன்னது என்று உறுதிப்படுத்திக்கொள்வதே. கட்டியினுள் நுண்ணிய ஊசியைச் செலுத்திச் சில அணுக்களை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தாலே பல வேளைகளில் உண்மை புலப்படும். பெண்நாய்களின் முலைக் கட்டிகளுள் ஏறத்தாழ அரைப்பங்கு தீங்கற்ற கட்டிகளே. வெப்ப நாடுகளின் தெருநாய்களிடையே பெரிதும் காணப்படும் மற்றொரு புற்று, புணர்ச்சியின்போது நாயிலிருந்து நாய்க்குத் தொற்றுவது. பிறப்புறுப்பில் பூக்கோவாவைப் போன்று சிவந்து குருதி கசிய வளரும் இக்கட்டி பார்ப்பதற்கு அச்சந்தருவது. ஆயினும் பெரும்பாலும் முற்றாகக் குணமாவது. அதற்கு வழங்கும் வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து, எமது வீட்டு முற்றங்களில் நிற்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. தமிழகத்தார் நித்தியகல்யாணி என வழங்குவதும் இச்செடியே. இதனைக் கேட்டுப் பட்டிப்பூ இலையை அவித்துக் கொடுக்க யாரும் முற்படலாகாது. செடியில் உள்ளது நஞ்சு. அதிலிருந்து மிகச் சிறிய அளவாகப் பிரித்து, நரம்பு வழியே வைத்தியர் செலுத்தும்போதே அது மருந்து. தீரும் நோயைத் தீராதது எனக் கருதிக் கைவிடுதல் எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இது நல்ல சான்று.

எனினும் தீராத நோய்களும் உள. நிணநீர்ப் புற்றுக்கு மருந்து செய்யாவிடின், பெரும்பாலான நாய்கள் ஒன்று இரண்டு மாதங்களில் இறந்துபடும். பல மருந்துகளை முறைப்படி ஏற்றினால் ஏறத்தாழ ஓராண்டு நல்வாழ்வு கிடைப்பது வழக்கம்; ஆனால் நோய் மீண்டும் தலைகாட்டுவதே பெரும்பான்மை. காலில் என்புப் புற்றுக் கண்ட நாய்க்கு அக்காலை நீக்குவது கொடுமைபோலத் தோன்றும். உண்மையில், தாங்கொணா நோவை நீக்கும் வழி பெரும்பாலும் அதுவே. மூன்று காலால் நடக்க நாய் விரைவிற் பழகிவிடுகிறது. ஆயினும் நோய் முன்னரே நுரையீரலுக்குப் பரவியிருத்தல் இயல்பு. ஆதலால் கால் நீக்கிய பின்னர் நான்கைந்து மாதமும், மருந்தும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு மாதமும் வாழ்வு எதிர்பார்க்கப்படும். மண்ணீரற் குருதிக்கலன் புற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்தபின்னும் கிடைப்பவை பொதுவாகச் சில மாதங்களே. இக்கணக்குகள் யாவும் பல நாய்களைக் கண்டு கூறிய பொதுக்கணக்குகள். குறித்த ஒரு நாயின் நாளை எவராலும் எண்ணிச் சொல்லுதல் இயலாது.

பொதுக்கணக்கை மீறிய நாய்களும் உண்டு. நெப்போலியனின் உடன்பிறந்தார் வழியில் வந்தவரும் உளப்பகுப்பு அறிஞருமான மரீ பொனபார்ட் என்னும் பிரெஞ்சு நாட்டு அம்மையார் ரொப்சி என்னும் பொன்னிற நாயை வளர்த்தார். அதன் உதட்டிலே புற்றுக்கட்டி தோன்றியது. அம்மையாரின் தந்தையார் 1924 ஆம் ஆண்டில் புற்றுநோயாலேயே இறந்தவர். அத்துயரம் மாறாத நெஞ்சோடு அவர் நாயைப் பாரிசு நகரிலே எக்ஸ்-கதிர்ச் சிகிச்சைக்கு உட்படுத்தினார். கட்டி மறைந்து நாய் பிழைத்தது. அவ்வனுபவத்தை அவர் 1937 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதனை ஜெர்மன் மொழியிற் பெயர்த்தவர்கள் சிக்மன்ட் பிராய்டும் அவர் மகள் அன்னாவும் ஆவர். 1923 ஆம் ஆண்டு தொடக்கம் தாடைப் புற்றினால் வருந்தி, பலமுறை சத்திரசிகிச்சைக்கு உள்ளான பிராய்ட், 1938 ஆம் ஆண்டிலே நாசிகளின் கொடுமைக்கு அஞ்சி வியன்னாவை விட்டு நீங்கக் காத்திருந்த நாட்களில் ஒரு நாயின் புற்றுநோய்க் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்பது நினைக்கத்தக்கது. ஆயின், ரொப்சியின் கதை எல்லா நாய்க்கும் ஆகாது. ஒரு நாய் பிழைத்தது என்ற நம்பிக்கையில் வேறொரு நாயின் துன்பத்தை நீட்டித்தல் அறமாகாது.

ஆகவே, வைத்தியரிடம் சில கேள்விகளை வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். இச்சிகிச்சை நோயை நீக்குமா, நாளை நீட்டுமா, நோவை மட்டும் தணிக்குமா? நீட்டிய நாட்கள் எத்தகையனவாக இருக்கும்? எத்தனை முறை வைத்தியசாலைக்கு வரவேண்டும்? செலவு எவ்வளவு? செலவைப் பற்றிக் கேட்பதில் வெட்கத்திற்கு இடமில்லை. பெருஞ்செலவான சிகிச்சையைச் செய்ய இயலாத குடும்பம் நாயைக் கைவிட்ட குடும்பமாகாது. நோய் தீர்க்கும் முயற்சியை நிறுத்தி நோவு தீர்க்கும் முயற்சியை மேற்கொள்வதும் ஒரு சிகிச்சையே. மனித வைத்தியத்தில் இதற்குத் தனித்துறை வளர்ந்திருப்பதுபோல, மிருக வைத்தியத்திலும் வளர்ந்து வருகிறது. கொழும்பிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்திலும் ஆலோசனை பெறக்கூடியவர்கள் அங்குச் செல்லலாம். தொலைவிலுள்ளோர் அண்மையிலுள்ள மிருக வைத்தியரைக் கொண்டே பெரும்பகுதியைச் செய்துகொள்ளலாம்.

நோவை அறிவது எப்படி? நாய் ஊளையிடும் வரையிற் காத்திருத்தல் பிழை. முன்பு வாயிலுக்கு ஓடிவந்தது இப்பொழுது படுத்தபடியே வாலை மட்டும் அசைக்கும்; படியேறத் தயங்கும்; படுப்பதும் எழுவதுமாக இடம் மாறிக்கொண்டிருக்கும்; ஓய்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும்; ஓரிடத்தையே ஓயாது நக்கும்; தொட்டால் தலையைத் திருப்பும், சிலவேளை உறுமும்; வழக்கத்திற்கு மாறாக இருட்டு மூலையைத் தேடிப் படுக்கும்; அல்லது வீட்டாரை ஒரு கணமும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே திரியும். இவை யாவும் நோவின் மொழிகள். எசமானர் வேலையினின்று திரும்பும்போது எழுந்து வாலாட்டிவிட்டு மறுகணமே சோர்ந்து படுக்கும் நாயை, இன்று சுகமாயிருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். அந்த ஒரு கணத்தை அன்று. எஞ்சிய இருபத்துமூன்று மணி நேரத்தையே கவனித்தல் வேண்டும்.

நோவு தணிக்கும் மருந்தை வைத்தியரே குறித்தல் வேண்டும். வீட்டிலுள்ள மனிதர் குளிசையில் பாதியை உடைத்துக் கொடுப்பது பலரிடம் காணப்படும் வழக்கம், அஃது ஆபத்தானது. இபுபுரோபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பரசிற்றமோல் அளவு மிஞ்சினால் ஈரலையும் குருதியையும் பழுதாக்கும். நாய்களுக்கு மெலொக்சிகம், கார்புரோபன் முதலிய மருந்துகள் நிறையறிந்து அளவிட்டு வழங்கப்படுகின்றன. இவற்றைக் கொடுக்கும் காலத்தில் வாந்தியோ தார்போலக் கறுத்த மலமோ கண்டால் உடனே நிறுத்தி வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்ரீரொயிட் மருந்து நிணநீர்ப் புற்றில் வீக்கத்தைக் குறைத்துப் பசியையும் தரும். தாகமும் சிறுநீரும் மிகுவதால் நாய் வீட்டினுள்ளே நனைத்துவிட்டால் அது குற்றமன்று, மருந்தின் குணம். இவ்விருவகை மருந்துகளையும் ஒருங்கே கொடுத்தலாகாது. நோவு முற்றியபின் கொடுப்பதைவிட, நேரந் தவறாமல் முன்கூட்டிக் கொடுப்பதே பயன் தரும். ஒரு மருந்து போதாதபோது மற்றொன்றைச் சேர்த்துக் கொடுக்கும் முறையும் உண்டு; ஆகவே நோவு தணியவில்லை என்று வைத்தியரிடம் மீண்டும் சொல்லத் தயங்கலாகாது. கட்டியின்மேற் காரம் பூசுதல், சூடு வைத்தல் முதலியன நோவைப் பெருக்குமேயன்றி நோயைக் குறைக்கமாட்டா.

அடுத்தது உணவு. புற்றுநோய் உடலை உருக்குவது, பசியையும் கெடுப்பது. ஒருவேளை நிறைய வைப்பதிலும் நான்கைந்து வேளை சிறிது சிறிதாக வைப்பது நன்று. இளஞ்சூடான உணவில் மணம் எழும். மணமே நாய்க்குப் பசியைத் தூண்டும். எலும்பு நீக்கி அவித்த கோழியிறைச்சி, முள் நீக்கிய மீன், அவித்த முட்டை, குழைந்த சோறு, கஞ்சி ஆகியன ஏற்றவை. வீட்டில் மிஞ்சிய கறியை ஊற்றுதல் கூடாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதி அணுக்களை அழிப்பன. முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் சொக்கலேற்றும் நஞ்சாகும். சைலிற்றோல் என்னும் இனிப்புப் பொருள் மிகச் சிறிய அளவிலும் கொடிது. மனிதருக்கான பாணி மருந்துகள் சிலவற்றில் அது கலந்திருப்பதால் அவற்றையும் கேளாமற் கொடுத்தலாகாது. தண்ணீரைத் தலைமாட்டிலேயே வைத்தல் வேண்டும். தோளின்மேற் தோலை மெல்லத் தூக்கிவிட்டால் அது உடனே படியாமல் மெதுவாகப் படியுமாயின் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அறியலாம். குமட்டலை அடக்கவும் பசியைத் தூண்டவும் மருந்துகள் உள. அவற்றைக் கேட்டுப் பெறலாம். ஆனால் வாயைப் பிளந்து வற்புறுத்தி ஊட்டுதல் நன்றன்று. அது மூச்சுக்குழலிற் புகுந்து புதிய நோயை விளைக்கும். கடைசி நாட்களில் ஊட்டும் கையையே நாய் அஞ்சும்படியும் செய்யும்.

எமது நாட்டு வெப்பத்தில் வெளிப்புண்ணான கட்டி பெருந்தொல்லை தருவது. ஈ மொய்த்து முட்டையிட்டால் ஓரிரு நாளிலேயே புழு வைத்துவிடும். கொதித்தாறிய நீர் அரைப்போத்தலுக்குச் சிறிதளவு கூடுதலாக எடுத்து, அதில் ஒரு தேக்கரண்டி அளவு உப்பைக் கரைத்து, நாள்தோறும் புண்ணை மெல்லக் கழுவி, வைத்தியர் கூறிய மருந்திட்டு, காற்றோட்டமான தூய துணியால் மூடிவைத்தல் வேண்டும். பகலிலும் நுளம்பு வலையினுள்ளே படுக்கவைத்தால் ஈயின் தொல்லை நீங்கும். புழுவைக் கண்டால் தாமதியாது வைத்தியரை அணுகுதல் வேண்டும். மண்ணெண்ணெய் முதலியவற்றை ஊற்றுதல் பெருங்கொடுமை. மெலிந்த நாய் சீமெந்துத் தரையின் குளிர்ச்சியை விரும்பிப் படுக்கும். ஆனால் எலும்பு உறுத்திப் படுக்கைப் புண் உண்டாகும். நிழலான இடத்தில், தும்பு மெத்தையின்மேற் துவைத்து மாற்றக்கூடிய துணி விரித்துப் படுக்கவைத்து, எழமுடியாத நாயை நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் பக்கம் மாற்றிவிடுதல் நன்று. வழுக்கும் தரையிற் சாக்கு அல்லது பாய் விரித்தால் அது தானே நடக்கத் துணியும். வயிற்றின் கீழ் ஒரு துவாயைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தால் முற்றத்துக்குச் சென்று கடன் கழித்து வரும். வீட்டை அழுக்காக்காமைக்குப் பழகிய நாய் தன் படுக்கையிலேயே நனைத்துவிட்டுக் கலங்குவதைக் கண்டவர்கள், இச்சிறிய உதவியின் பெறுமதியை அறிவார்கள்.

இரசாயன மருந்து ஏற்றிய நாயின் சிறுநீரிலும் மலத்திலும் சில நாட்கள் அம்மருந்து கழியும். கையுறை அணிந்து அவற்றை அகற்றுதல் வேண்டும். சிறுவரும் கருவுற்ற பெண்களும் அவற்றைத் தொடலாகாது. மற்றபடி, மனிதருக்கு நாயின் புற்றுநோய் தொற்றுவதில்லை. நாயை அணைப்பதற்கும் தடவுவதற்கும் அஞ்ச வேண்டியதில்லை.

சில அறிகுறிகள் காத்திருக்க இடந்தராதன. முரசு வெளிறிப்போதல், திடீரென விழுதல், வயிறு விரைந்து பருத்தல் ஆகியன உள்ளே குருதி பெருகுவதைக் காட்டும். உறங்கும் நாயின் மூச்சை எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு முப்பதை மிகுதல் அரிது. அதனை நாளும் மிஞ்சுமாயின் நுரையீரலோ இதயமோ இடர்ப்படுகிறது எனலாம். ஓயாத வலிப்பும், வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சுக்குப் போராடுதலும் அவ்வாறே. நள்ளிரவில் இவை நேர்ந்தால் எவரை அழைப்பது என்பதை முன்னரே கேட்டுக் குறித்து வைத்தல் அறிவுடைமை.

இவ்வாறு பேணிவரும்போது, எந்நாள் வரையில் என்ற கேள்வி எழுந்தே தீரும். இதற்கு உதவியாக அமெரிக்க நாட்டு மிருகப் புற்றுநோய் வைத்தியரான அலிஸ் வில்லலோபோஸ் என்னும் அம்மையார் 2004 ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தார். நோவு, பசி, உடலின் நீர்நிலை, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களை விட நல்ல நாட்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் தனித்தனியே சுழியம் முதற் பத்து வரை புள்ளியிடல் வேண்டும். மூச்சுத் திணறலும் நோவு என்னும் பகுதியிலேயே அடங்கும். மொத்தம் முப்பத்தைந்தை மிஞ்சுமாயின் பேணுதலைத் தொடரலாம் என்பது அவர் காட்டும் எல்லை. இந்த அளவுகோல் முடிவைத் தானே கூறிவிடுவதன்று. வீட்டிலுள்ள இருவர் தனித்தனியே புள்ளியிட்டு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணிற் படும். இன்னும் எளிய வழி, நாட்காட்டியில் நாள்தோறும் நல்ல நாளுக்கு ஓர் அடையாளமும் கெட்ட நாளுக்கு வேறோர் அடையாளமும் இடுதல். நாய் இன்பமாய்ச் செய்துவந்த செயல்களுள் மூன்று நான்கை முன்கூட்டியே எழுதிவைத்து, அவற்றுள் எவை எஞ்சியுள்ளன என்று பார்ப்பதும் உண்டு. அன்றாடம் உடனிருப்பவர் கண்ணுக்குச் சிறுகச் சிறுக நேரும் தேய்வு தெரியாது. காகிதத்திலிட்ட குறி அதனை மறையாமற் காட்டும்.

கெட்ட நாட்களே மிகுந்து, மருந்துக்கும் அடங்காத நோவு வந்தபின், அமைதியாக உயிரை விடுவிக்கும் வழியை வைத்தியர் எடுத்துரைப்பார். இதனை ஏற்பதில் எமது நாட்டவர் பலருக்குப் பெருந்தயக்கம் உண்டு. கொல்லாமையை உயர்ந்த அறமாகப் போற்றும் சைவ மரபினருக்கும் பௌத்த மரபினருக்கும் அத்தயக்கம் இயல்பே. அதனை அறியாமை என்று இகழ்தல் தகாது. இம்முடிவை ஏற்க மனம் ஒருப்படாதவர் இயற்கையான இறப்பைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் இயற்கையான இறப்பு என்பது, மருந்தின்றி மூலையிலே கிடத்திவிடுதலன்று. நோவு மருந்தை இரவு பகல் தவறாது கொடுத்தல், பக்கம் மாற்றுதல், வாயை ஈரத் துணியால் நனைத்தல், உடனிருத்தல் ஆகிய கடமைகள் அங்கே இருமடங்காகின்றன. மறுபுறம், நோவை நீக்க வேறு வழியில்லாதபோது உயிரை விடுவித்தலே கருணை என்று தெளிந்து அதனை ஏற்பவரைக் கொலைஞர் எனல் நீதியாகாது. இரு சாராரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: இந்த ஒரு நாள் நாய்க்காகவா, நாயைப் பிரியமாட்டாத எமக்காகவா? இதற்கு நேர்மையாக விடை கூறுதல் எளிதன்று. ஆயினும் கேளாதிருத்தல் கூடாது.

விடுவிக்கும் முறையை அறிந்தவர்களுக்கு அச்சம் குறையும். முதலில் மயக்க மருந்தூட்டி நாயை உறங்கச் செய்வர். பின்னர்ப் பென்ரோபாபிற்றோன் போன்ற மயக்க மருந்தை மிகுந்த அளவில் நரம்பிற் செலுத்துவர். உணர்வு முதலில் நீங்கும். அதன் பின்னரே மூச்சும் இதயமும் நிற்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் யாவும் முடிந்துவிடும். கண்கள் திறந்தபடியே இருத்தல், இறந்தபின் ஓரிருமுறை மூச்சு எழுவதுபோல உடல் அசைதல், சிறுநீர் கழிதல் ஆகியன நேரலாம். அவை நோவின் அறிகுறிகளல்ல. இதனைச் செய்யத்தக்கவர் வைத்தியர் ஒருவரே. நஞ்சு வைத்தல் முதலிய பழைய வழக்கங்கள் கொடிய சித்திரவதைகள். அவ்வேளையில் வளர்த்தவர் ஒருவர் அருகிருந்து தலையைத் தடவிப் பெயர் சொல்லி அழைத்தல் நன்று. அறியாத மேசையும் அறியாத முகங்களும் நாயை வெருட்டுவன. அறிந்த குரலொன்று அவ்வெருட்சியைத் தணிக்கும்.

சிறுவர்களுக்கு உண்மையைச் சொல்லுதல் வேண்டும். நாய் ஓடிவிட்டது என்றால் அவர்கள் பல நாள் தெருவிலே தேடுவர். தூங்கிவிட்டது என்றால் தாம் தூங்கவும் அஞ்சுவர். நோய் தீராதது, அது இறந்துவிட்டது, அதற்கு நாம் செய்யவேண்டியன செய்தோம் என்று எளிய சொற்களிற் சொன்னால் அவர்கள் விளங்கிக்கொள்வர். வளவிலே புதைப்பதாயின் கிணற்றுக்குத் தொலைவில், மூன்றடிக்குக் குறையாத ஆழத்திற் புதைத்தல் வேண்டும். மருந்தேற்றி விடுவிக்கப்பட்ட உடலைக் காகமோ பிற நாயோ கிளறித் தின்றால் அவையும் இறக்கக்கூடும் என்பதால் இதிற் கவனம் மிக வேண்டும். வீட்டில் வேறொரு நாய் இருந்தால் அது சில நாட்கள் தேடி அலையும், உண்ணவும் மறுக்கும். மனிதருக்கும் அத்துயரம் உண்டு. ஒரு நாய்க்காகவா அழுவது என்று ஏளனம் செய்வோர் உளர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் வாயிலில் எதிர்கொண்ட உயிர் இல்லாதபோது அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்னரே கண்டுபிடித்திருக்கலாமே, வேறு வைத்தியம் செய்திருக்கலாமே என்று தம்மைத் தாமே குற்றஞ் சாட்டுவோர், மறைந்து வளர்வதே அந்நோயின் இயல்பு என்பதை நினைந்து ஆறுதலடைதல் வேண்டும்.

நாலடியார்ப் புலவர் காட்டிய நாய், தன் உடம்பிலே தைத்த வேலைப் பொருட்படுத்தாது வாலாட்டிற்று. அது நாயின் பெருமை. அந்த வாலை மட்டும் கண்டு மகிழ்ந்து வேலைக் காணாது விடுவது மனிதனின் சிறுமையாகும். தீராத நோயை எவராலும் தீர்க்க இயலாது. ஆனால் நோவைத் தணிக்கவும், பசிக்கும்போது ஊட்டவும், புண்ணைக் கழுவவும், இறுதி வேளையில் அருகிருக்கவும் எந்த வீட்டாராலும் இயலும். தன் வாழ்நாள் முழுவதையும் ஒரு குடும்பத்தின் வாயிலிலே கழித்த உயிர், அக்குடும்பத்தினரிடமிருந்து பெறவேண்டிய கடன் இவ்வளவே.